ஆள் பஞ்சத்துக்கு எழுப்பிய சுவர்: பெர்லின், 1961

பெர்லின் சுவர் என்றதும் உளவாளிகள், டாங்குகள், கென்னடியின் பேச்சு என்றுதான் நினைவு போகும். பனிப்போர்க் கதை நமக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது. ஆனால் சுவர் எழுவதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், கிழக்கு ஜெர்மனி அரசின் தூக்கத்தைக் கெடுத்த கவலை வேறு என்று தெரிகிறது. வேலைக்கு ஆள் இல்லை. மருத்துவமனையில் டாக்டர் இல்லை, ஆலையில் ஃபிட்டர் இல்லை, பள்ளியில் வாத்தியார் இல்லை. நேற்றுவரை இருந்தவர் இன்று காலை ரயில் டிக்கெட் எடுத்து அடுத்த நாட்டுக்குப் போயிருப்பார். அதுவும் உள்ளூர் ரயில் டிக்கெட்.

இந்த ஆய்வு சுவரை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறது. ஆள் பஞ்சத்தைச் சமாளிக்க இரண்டு ஜெர்மனிகளும் செய்த காரியங்கள்தான் அங்கே குடும்பத்தையும் பெண்களின் வேலையையும் தெருவில் நடமாடும் முகங்களையும் மாற்றின என்பது என் வாதம்.

ஒரு நகரம், இரண்டு நாணயம்

1945-இல் போர் முடிந்ததும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் நான்கும் ஜெர்மனியைப் பங்கு பிரித்துக்கொண்டன. தலைநகர் பெர்லின் முழுக்க சோவியத் பகுதிக்குள் இருந்தாலும் அதையும் நான்காகக் கூறு போட்டார்கள். 1948 ஜூன் 20-இல் மேற்குப் பகுதிகளில் டாய்ச் மார்க் என்ற புது நாணயம் வந்தது. முதல் தவணையாக ஆளுக்கு 40 மார்க். அதுவரை பதுக்கி வைத்திருந்த சரக்கெல்லாம் மறுநாளே கடை ஜன்னலில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நாணயம் பெர்லினுக்குள்ளும் நுழைந்ததும் ஸ்டாலின் சாலை, ரயில், கால்வாய் மூன்றையும் அடைத்தார். ஜூன் 24 முதல் அடுத்த ஆண்டு மே 12 வரை மேற்கு பெர்லினின் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு உணவும் நிலக்கரியும் விமானத்தில் வந்தன. செப்டம்பர் வரை நீண்ட அந்த விமானப் போக்குவரத்தில் மொத்தம் சுமார் 23 லட்சம் டன். அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. கரி மூட்டையை விமானத்தில் ஏற்றுவதெல்லாம் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகாத காரியம். ஆனால் அது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டிருந்தது.

1949-இல் இரண்டு நாடுகள் பிறந்தன. மே மாதம் மேற்கு ஜெர்மனி, அக்டோபர் மாதம் கிழக்கு ஜெர்மனி. தொடக்கமே சமமாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மேற்குக்கு, போரில் நொறுங்கிய ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா போட்ட மார்ஷல் திட்டப் பணம் வந்தது. கிழக்கிலோ, சோவியத் ஒன்றியம் போர் இழப்பீடாக ஆலைகளைக் கழற்றிக்கொண்டு போனது. சில ரயில் பாதைகளில் இரண்டாவது தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்துப் போனார்கள். இட்லர் மூட்டிய போருக்கு முழு ஜெர்மனியும் கொடுக்க வேண்டிய கடனில் பெரும்பகுதியை அதன் ஏழைப் பாதிதான் கட்டியது. "கம்யூனிசம் தோற்றது, முதலாளித்துவம் ஜெயித்தது" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கசிவு

1952 மே 26-இல் கிழக்கு ஜெர்மனி தன் நீண்ட மேற்கு எல்லையை முள்வேலி போட்டு மூடியது. பெர்லினை மட்டும் மூட முடியவில்லை. நான்கு நாடுகளின் உடன்படிக்கை அங்கே குறுக்கே நின்றது. சுரங்க ரயிலும் நகர ரயிலும் இரு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. ஆக, நாட்டை விட்டுப் போக நினைத்தவர் கிழக்கு பெர்லினுக்கு வந்து, பெரிய பெட்டி இல்லாமல் ரயிலேறி, சில நிலையம் தாண்டி இறங்கினால் போதும். குடும்பமாகப் போகிறவர்கள் சந்தேகம் வராதபடி தனித்தனி ரயிலில் போவார்கள்.

இறங்கியவர்கள் போன இடம் மரியென்ஃபெல்ட அகதி முகாம். 1953 ஏப்ரலில் திறந்தார்கள். வந்தவர் கையில் ஒரு தாள் கொடுப்பார்கள். மருத்துவப் பரிசோதனை, நேச நாட்டு உளவுத்துறை விசாரணை, போலீஸ் பதிவு, வேலைவாய்ப்பு என்று ஒவ்வொரு மேசையாகப் போய் முத்திரை வாங்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு நிலை. எல்லாம் முடிந்தால் மேற்கு ஜெர்மனிக்கு விமானம். தரைவழி கிழக்கு ஜெர்மனி வழியாகப் போவதால், தப்பி வந்தவர்களை அந்தப் பாதையில் அனுப்ப முடியாது.

1953-இல் மட்டும் 3 லட்சத்து 30 ஆயிரம் பேர் போனார்கள். அந்த ஆண்டுதான் வேலை இலக்கைப் பத்து சதவீதம் உயர்த்தினார்கள். அதாவது அதே கூலிக்குக் கூடுதல் வேலை. கிழக்கு பெர்லினின் ஸ்டாலின் சாலையில் கட்டடத் தொழிலாளர்கள் ஜூன் 16-இல் வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் கலகம் நாடெங்கும் பரவி, சோவியத் டாங்குகள் வந்து அடக்கின. தொழிலாளர் அரசை எதிர்த்துத் தொழிலாளரே தெருவுக்கு வந்தது கிழக்கு ஜெர்மனித் தலைவர் உல்பிரிக்டின் கட்சிக்கு மறக்க முடியாத அடி. பிறகு 1960-இல் விவசாயிகளைக் கூட்டுப்பண்ணையில் சேரச் சொல்லி நெருக்கினார்கள். மறுபடியும் கூட்டம் கிளம்பியது.

1949 முதல் 1961 வரை சுமார் 27 லட்சம் பேர் போய்விட்டார்கள். நாட்டின் மக்கள்தொகையே 1 கோடியே 90 லட்சத்துக்குள். போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 25 வயதுக்குக் கீழே. 1954-க்குப் பிறகு மட்டும் 3,000-க்கு மேற்பட்ட மருத்துவர்கள், சுமார் 17,000 பொறியாளர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும். கிழக்கில் இலவசமாகப் படித்தவர் மேற்கில் வரி கட்டினார். ஊரில் தங்கியவர்களில் கிழடுகளின் பங்கு கூடிக்கொண்டே போனது.

இன்னொரு கூட்டமும் உண்டு. வீடு கிழக்கில், வேலை மேற்கில். 1961-இல் இப்படி ஐம்பதாயிரம் பேருக்குமேல் தினமும் போய் வந்தார்கள். வாடகையும் ரொட்டியும் கிழக்கின் மலிவு விலையில். சம்பளத்தில் ஒரு பகுதி மேற்கு மார்க்கில். மேற்கு பெர்லின் பணமாற்றுக் கடையில் ஒரு மேற்கு மார்க்குக்கு நாலு, ஐந்து கிழக்கு மார்க் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டு மணி நேரம் கிழக்கு ஆலையில் உழைத்துவிட்டு வந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? எந்தப் பிரசாரமும் இதற்கு எதிரே நிற்கவில்லை.

ஆகஸ்ட் 13

1961 ஜூன் 15-இல் ஒரு பத்திரிகையாளர் சந்திப்பில் உல்பிரிக்ட், சுவர் எழுப்பும் எண்ணம் யாருக்கும் இல்லை என்றார். அவரிடம் சுவரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை; எல்லையைப் பற்றித்தான் கேட்டிருந்தார் மேற்கு ஜெர்மன் பெண் நிருபர் ஒருவர். கேட்ட மக்கள் வேகமாகப் பெட்டி கட்டினார்கள். ஜூலையில் மட்டும் 30,000 பேர்.

எல்லையை மூடச் சொல்லி உல்பிரிக்ட் வெகுகாலமாக மாஸ்கோவை நச்சரித்துக்கொண்டிருந்தார். சோவியத் தலைவர் குருஷேவ் தள்ளிப்போட்டார். சோஷலிசம் தன் மக்களைப் பூட்டி வைக்கிறது என்ற கெட்ட பெயர் அவருக்கும் உறுத்தியது. ஜூன் தொடக்கத்தில் வியன்னாவில் கென்னடியைச் சந்தித்துவிட்டு வந்தபின்தான், அமெரிக்கா மேற்கு பெர்லினுக்காகப் போராடும், ஆனால் கிழக்கு பெர்லினுக்குள் நடப்பதற்காகப் போருக்கு வராது என்ற கணக்கு அவருக்குப் பிடிபட்டது. ஆகஸ்ட் முதல் வாரம் பச்சைக்கொடி கிடைத்தது.

வேலையை நடத்திய பொறுப்பு, உல்பிரிக்டின் கட்சியில் பாதுகாப்பைக் கவனித்த எரிக் ஹோனக்கருடையது. தேர்ந்தெடுத்த நேரம் சனி இரவு விடிந்தால் ஞாயிறு. ஆலையில் கூட்டம் இல்லை, பலர் ஏரிக்கரைக்குப் போயிருக்கிறார்கள். நள்ளிரவுக்குப் பின் ஒரு மணி வாக்கில் ஆயுதப் போலீசும் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்ட கட்சிப் படையினரும் தெருக்களை மறித்து முள்கம்பி இழுத்தார்கள். நகர ரயில் நின்றது. கான்கிரீட் கட்டைகள் சில நாள் கழித்துத்தான் வந்தன.

பெர்னவர் தெருவில் நடந்தது தனிக் கதை. அந்தத் தெருவின் ஒரு வரிசை வீடுகள் கிழக்குக்குச் சொந்தம். வாசலில் இருந்த நடைபாதை மேற்குக்கு. முன்கதவைத் திறந்தால் நாடு மாறும். முதலில் கதவை அடைத்தார்கள். அப்புறம் தரைத்தள ஜன்னலைச் செங்கல் வைத்துப் பூசினார்கள். மக்கள் மாடி ஜன்னலிலிருந்து குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்புப் படையினர் வலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மெத்தையை முதலில் போட்டுவிட்டு மூன்றாம் மாடியிலிருந்து குதித்த ஒரு பெண் ஆகஸ்ட் 22-இல் இறந்தார். சுவர் பலிகொண்டவர்களின் பட்டியல் அவரிலிருந்துதான் தொடங்குகிறது. 1989 வரை பெர்லினில் மட்டும் குறைந்தது 140 பேர்.

யாருக்குக் கதவு திறந்தது?

கிழக்கு ஜெர்மனி அரசு சுவருக்கு வைத்த பெயர் பாசிச எதிர்ப்பு அரண். வெளியிலிருந்து நாசகாரர்கள் வருவதைத் தடுக்கவாம். இந்த விளக்கத்தை அந்த அரசின் பிந்தைய முடிவுகளே பொய்யாக்குகின்றன.

சுவர் எழுந்து ஐந்து மாதத்தில், 1962 ஜனவரியில், கிழக்கு ஜெர்மனி கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தது. மேற்கு 1956-லேயே கொண்டுவந்துவிட்டது. கிழக்கு ஏன் ஆறு ஆண்டு காத்திருந்தது? கதவு திறந்திருக்கும்போது இளைஞனுக்குச் சீருடை கொடுத்தால் அவன் மறுநாள் மரியென்ஃபெல்டவில் இருப்பான். 1964 நவம்பரிலிருந்து ஒரு சாராருக்கு மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை மேற்கில் உறவினரைப் பார்த்துவர அனுமதி கிடைத்தது. யாருக்கு என்றால், ஓய்வூதியம் வாங்குவோருக்கு. பாட்டி போய்த் திரும்பாவிட்டால் அரசுக்கு ஒரு பென்ஷன் மிச்சம்.

இதைவிட அப்பட்டமானது கைதி வியாபாரம். 1960-களின் தொடக்கத்திலிருந்து மேற்கு ஜெர்மனி கிழக்கின் அரசியல் கைதிகளைப் பணம் கொடுத்து மீட்டது. 1989 வரை 33,000-க்கு மேற்பட்டோர். கொடுத்தது 300 கோடி மார்க்குக்கும் மேல். தொடக்கத்தில் தலைக்குச் சுமார் 40,000 மார்க். 1977-க்குப் பிறகு 95,847. அந்த ஆளைப் படிக்கவைத்து ஆளாக்க ஆன செலவு என்று கிழக்குத் தரப்பு அதற்கு நியாயம் சொன்னது. பணத்தின் பெரும்பகுதி காப்பி, எண்ணெய், செம்பு என்று சரக்காகப் போய்ச் சேர்ந்தது. மனிதனுக்கு அந்த அரசு மனதில் போட்டு வைத்திருந்த விலைச்சீட்டு அதில் தெரிந்துவிட்டது.

குருஷேவுக்குப் பெரிய கணக்குகள் இருந்தன என்பதை மறுக்கவில்லை. மேற்கு ஜெர்மனி கையில் அணு ஆயுதம் போய்விடக் கூடாது என்ற பயம் அவருக்கு உண்மையிலேயே இருந்தது. அக்டோபர் 27-இல் சார்லி சோதனைச் சாவடியில் இரு வல்லரசுகளின் டாங்குகள் நேருக்கு நேர் நின்றதும் விளையாட்டு அல்ல. ஆனால் அந்த வாரமே, அந்த வழியாகவே சுவர் எழுந்ததற்குக் காரணம் ஜூலை மாதத்து 30,000 பேர்தான்.

தாய்மாரை ஆலைக்கு அழைத்த அரசு

கசிவை அடைத்தாயிற்று. போனவர்கள் திரும்பி வரவில்லை. கிழக்கிடம் மிச்சம் இருந்த ஒரே பெரிய ஆள் வளம் பெண்கள். சம உரிமை 1949 அரசியலமைப்பிலேயே இருந்தது. தாய் சேய் பாதுகாப்புச் சட்டம் 1950-இல் வந்துவிட்டது. சோஷலிஸ்ட் மரபில் பெண் விடுதலை பழைய கொள்கை. ஆனால் கொள்கை மட்டும் இருந்திருந்தால் இத்தனை காப்பகங்கள் முளைத்திருக்குமா என்பது சந்தேகமே. ஆள் இல்லாத ஆலை கொள்கையைவிடச் சத்தமாகக் கேட்டது.

வேலைக்குப் போகும் திருமணமான பெண்ணுக்கு மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு, வீட்டு வேலை பார்க்க. குழந்தைக் காப்பகம் பல இடங்களில் ஆலையோடு ஒட்டியே இருக்கும். அதிகாலைப் பணிமுறைக்குப் போகிற தாய் தூக்கம் கலையாத குழந்தையை ஆறு மணிக்கே விட்டுவிட்டுப் போவாள். 1972-இல் முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கருக்கலைப்பு பெண்ணின் சொந்த முடிவாகியது. எல்லாவற்றுக்கும் ஒருமனதாகக் கை தூக்கும் அந்த நாடாளுமன்றத்தில் 14 பேர் எதிர்த்து வாக்களித்த அபூர்வக் காட்சியும் அன்று நடந்தது. 1980-களின் முடிவில், படிப்பவர்களையும் சேர்த்தால், வேலை வயதுப் பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வேலையில் இருந்தார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 80 சதவீதம் காப்பகத்தில்.

மேற்கில் அப்போது நிலைமை என்ன? 1958 வரை, மனைவியின் வேலை ஒப்பந்தத்தைக் கணவன் நீதிமன்ற ஒப்புதலோடு முறித்துவிட முடியும். 1977 வரை, குடும்பக் கடமைக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குத்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று சட்டமே சொன்னது. மூன்று வயதுக்குக் கீழே காப்பகத்தில் இருந்த குழந்தைகள் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. வேலைக்குப் போகும் தாயை அங்கே கல்நெஞ்சக்காரி என்றார்கள். சுதந்திர உலகின் கடை ஜன்னல் என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொண்ட நாட்டின் வீட்டுக்குள் நடந்த கதை இது.

கிழக்கைப் புகழ்ந்துவிட்டு நகரவும் முடியாது. அந்த மாதாந்திர விடுப்பு பெரும்பாலும் பெண்ணுக்கு மட்டும்தான். அதாவது துணி துவைப்பதும் சமைப்பதும் அவள் தலையில்தான் என்று அரசே எழுதிக் கொடுத்துவிட்டது. ஆலையில் எட்டு மணி நேரம், பிறகு கடை வரிசை, பிறகு அடுப்பு. கட்சியின் உச்சக் குழுவில் முழு உறுப்பினராக ஒரு பெண்கூடக் கடைசிவரை வரவில்லை.

இஸ்தான்புல்லிலிருந்து ஒரு ரயில்

மேற்கு ஜெர்மனியில் 1950-இல் பத்து சதவீதத்துக்கு மேல் வேலையின்மை. 1961-இல் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த வளர்ச்சிக்கு உரம் போட்டவர்களில் கிழக்கிலிருந்து வந்த படித்த இளைஞர்களும் உண்டு. ஆகஸ்ட் 13-க்குப் பின் அந்த வரத்து நின்றது. அக்டோபர் 30-இல் துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம். தேதிகளை அடுத்தடுத்து வைத்துச் சுவர்தான் துருக்கியரைக் கொண்டுவந்தது என்று எழுதுகிறார்கள், அவ்வளவு எளிதல்ல. இத்தாலியோடு 1955-லும் ஸ்பெயின், கிரீஸ் நாடுகளோடு 1960-லும் ஏற்கெனவே ஒப்பந்தம் ஆகியிருந்தது. சுவர் அந்தப் பசியை உண்டாக்கவில்லை, கூட்டியது.

இஸ்தான்புல்லில் ஜெர்மன் வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்று திறந்தார்கள். ஆண்களை வரிசையாக உள்ளாடையோடு நிறுத்திப் பல், நுரையீரல், சிறுநீர் வரை பரிசோதித்தார்கள். தேறியவர்கள் ரயிலேறினார்கள். முதலில் இரண்டு ஆண்டுதான் தங்கலாம் என்று விதி. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது நஷ்டம் என்று முதலாளிகளே சண்டை போட்டு 1964-இல் அந்த விதியை எடுக்கவைத்தார்கள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடியைக் காட்டி ஆள் எடுப்பதை நிறுத்தியபோது வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 26 லட்சம் பேர் இருந்தார்கள். போனால் திரும்ப வர முடியாது என்று தெரிந்ததும், இருந்தவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொண்டார்கள். தடுக்கப் போட்ட தடை குடியேற்றத்தைக் கெட்டிப்படுத்தியது.

மேற்கு பெர்லினில் இந்த மாற்றம் இன்னும் துலக்கமாகத் தெரியும். கிழக்கிலிருந்து வந்துபோன ஐம்பதாயிரம் பேர் ஒரே இரவில் இல்லாமல் போன ஊர் அது. மின்சாதன ஆலைகள் துருக்கியப் பெண்களை எடுத்தன. தீவாகிப்போன நகரத்தில் தங்கினால் சம்பளத்தோடு அரசு ஊக்கத்தொகை. ஊர்க்காரர்கள் அதை "நடுக்கப் படி" என்று கிண்டல் செய்தார்கள். அங்கே குடியிருப்போருக்கு ராணுவ சேவையும் கிடையாது. அதனால் மேற்கு ஜெர்மனியெங்கும் இருந்து ராணுவம் பிடிக்காத இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். 1968 மாணவர் கிளர்ச்சிக்கு அந்நகரம் களமானதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

குரோய்ட்ஸ்பெர்க் வட்டாரம் சுவரோரம் ஆகிப்போனதால் வாடகை விழுந்தது. நெடுஞ்சாலைக்காக இடிக்க வைத்திருந்த பழைய வீடுகளில் துருக்கியர் குடியேறினார்கள். 1980-களில் அங்கே ஓய்வுபெற்ற துருக்கியக் கட்டடத் தொழிலாளி ஒருவர், சுவரின் மேற்குப் பக்கம் குப்பை மேடாகக் கிடந்த முக்கோணத் துண்டு நிலத்தைச் சுத்தம் செய்து வெங்காயமும் பூண்டும் போட்டார். நிலம் சட்டப்படி கிழக்கு ஜெர்மனியுடையது. வளைவைத் தவிர்க்கச் சுவரை நேராக இழுத்ததில் வெளியே விடுபட்டுவிட்டது. கிழக்குக் காவலர்கள் வந்து விசாரித்துப் பார்த்துவிட்டு அவரை விட்டுவிட்டார்கள். மேற்குப் போலீசுக்கு அங்கே அதிகாரமே இல்லை.

கிழக்கும் ஆள் தேடியது

பெண்களும் போதவில்லை. 1979-இல் மொசாம்பிக், 1980-இல் வியட்நாம் என்று சகோதர நாடுகளோடு கிழக்கு ஒப்பந்தம் போட்டது. 1989-இல் வியட்நாமியர் மட்டும் சுமார் 60,000 பேர். தங்குமிடம் தனி விடுதி, ஆளுக்கு ஐந்து சதுர மீட்டர். கர்ப்பமானால் கருவைக் கலைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு விமானம். சொந்த நாட்டுப் பெண்ணுக்குக் காப்பகம் கட்டிய அதே அரசு இது. இந்த ஒன்றைப் பார்த்தால் போதும், அங்கே தாய்மைக்குக் கிடைத்த மரியாதையில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு உற்பத்திக் கணக்கு என்று புரிந்துவிடும்.

சுவருக்குள் ஒரு தமிழ் வழி

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஐரோப்பாவுக்கு ஓடிய தமிழர்களில் பலருக்கு இந்தச் சுவர் வேறு விதமாக அறிமுகம். கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைவழி விசாவோடு ஃபிரீட்ரிக் தெரு நிலையத்தில் நகர ரயில் பிடித்தால் மேற்கு பெர்லின். அங்கே கடவுச்சீட்டு கேட்க ஆள் இல்லை. கேட்டால் அந்தக் கோட்டைச் சர்வதேச எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மேற்கு அதைச் செய்யவில்லை. தன் குடிமகனைச் சுட்ட கிழக்கு, விமானக் கட்டணத்துக்காக நம்மவர்களை வழியனுப்பி வைத்தது. மேற்கு முணுமுணுத்தது. 1985 கோடையில், இரு நாட்டு வர்த்தகத்தின் வட்டியில்லாக் கடன் வரம்பை உயர்த்தும் பேரத்தோடு, இலங்கையருக்கு அந்த வழி அடைபட்டது. மறு ஆண்டு மற்ற நாட்டு அகதிகளுக்கும்.

1990-க்குப் பின்

1989 நவம்பர் 9-இல் சுவர் திறந்தது. மறு ஆண்டு அக்டோபரில் கிழக்கு ஜெர்மனியே இல்லை. ஆலைகள் மூடியபோது ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை ஊருக்கு அனுப்பினார்கள். தங்கிவிட்ட வியட்நாமியர் பூக்கடை, காய்கறிக் கடை வைத்துப் பிழைத்தார்கள். மொசாம்பிக்காரர்கள் தங்கள் சம்பளத்தில் பிடித்துவைத்த பங்கைக் கேட்டு தங்கள் தலைநகர் மாபுட்டோவின் தெருக்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊர்வலம் போனார்கள். கிழக்குப் பெண்களுக்கு வேலையும் போய், நாளை என்ன என்ற நிச்சயமும் போனது. அங்கே பிறப்பு எண்ணிக்கை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே விழுந்தது.

காப்பகங்கள் மட்டும் நின்றன. கிழக்கில் வளர்ந்த தாய்மார் அவற்றை விட்டுக்கொடுக்கவில்லை; மேற்கும் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. 2013 ஆகஸ்ட் 1 முதல் ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பக இடம் ஜெர்மனியில் சட்டப்படி உரிமை. மூன்று வயதுக்குக் கீழே காப்பகம் போகும் குழந்தைகளின் விகிதத்தை வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டினால், பழைய எல்லைக் கோடு அதில் இன்னும் தெரிகிறது. முன்னே நிற்பது கிழக்கு.